போயிட்டு வாரேன் சாமி

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன் பண்ணினாள். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். மகளுக்கு வருகிற மே மாதம் புதுநன்மை.

“டீச்சர், புதுநன்மை எடுக்கிற பிள்ளைகளை வாரம் ஒரு தடவை நற்கருணை ஆராதனைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நானும் கூட்டிட்டுப் போறேன். அஞ்சு நிமிஷம் உட்கார மாட்டேங்கிறா. பின்னால திரும்பிப் பாக்கிறா, என் செருப்பு இருக்கா பாத்துட்டு வரட்டுமாங்கிறா, எப்பம்மா முடியும்னு கேக்கிறா. பக்கத்துல இருக்கிறவங்க முறைக்கிறாங்க. அவமானமா இருக்கு டீச்சர். நீங்க எங்களையெல்லாம் எப்படி ஒரு மணி நேரம் அசையாம உட்கார வச்சீங்க?”

அவள் புகழ்ச்சியாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. எப்படி உட்கார வைத்தேன் என்று எனக்குத் தெரியுமே! பிரம்பை வைத்துத்தான். அதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. “எழுதிப் போடுறேன் கண்ணு” என்று வைத்துவிட்டேன். ஒரு வாரமாக யோசித்து இன்றைக்கு எழுதுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வேறு சமயத்துப் பிள்ளைகள். முதல் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நாங்கள் கோயிலுக்கு வரிசையாகப் போகும்போது, நீங்கள் நன்னெறி வகுப்பில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பீர்கள். உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

திருப்பலியில் குருவானவர் அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் எடுத்து, இயேசு பாடுபடுவதற்கு முந்தின இரவு சீடர்களோடு உண்ணும்போது சொன்ன வார்த்தைகளைச் சொல்கிறார். அதன்பின் அது அப்பம் அல்ல, இயேசுவே என்பது எங்கள் விசுவாசம். பூசைக்குப் பிறகு மீதியுள்ள நற்கருணையைப் பேழையில் வைத்துப் பூட்டுவார்கள். அதன் பக்கத்தில் இரவும் பகலும் ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஆராதனை நாளில் அந்த நற்கருணையை, சூரியக் கதிர் போலச் செய்த ஒரு பாத்திரத்தின் நடுவில், கண்ணாடிக்குள் வைத்து எல்லாரும் பார்க்கும்படி பீடத்தில் நிறுத்துவார்கள். அதற்குக் கதிர்ப்பாத்திரம் என்று பெயர். அதன் முன் மண்டியிட்டுப் பாடுவோம், செபிப்போம், கொஞ்ச நேரம் மௌனமாக இருப்போம். கடைசியில் சாமியார் அந்தப் பாத்திரத்தை எடுத்துச் சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர் அளிப்பார். மணி அடிக்கும், சாம்பிராணிப் புகை எழும். அவ்வளவுதான். நற்கருணைக்கென்று தனித் திருவிழாவை நான்காம் உர்பான் பாப்பரசர் 1264-இல் ஏற்படுத்தினார் என்றால், இந்தப் பக்தி எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னை முதலில் நற்கருணை முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தது உபதேசியாரும் அல்ல, சிஸ்டரும் அல்ல. என் ஆச்சி. சொந்தக்காரர்களில் மூத்தவர்களுக்கு ஆச்சியை நினைவிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. பீடி சுற்றுவாள். சாயங்காலம் சுற்றின பீடியைக் கொடுத்துவிட்டு வரும் வழியில் கோயில். பீடித்தட்டை வாசல் ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவாள். விளக்குக்குக் கிட்டே தரையில் உட்காருவாள். எனக்கு ஐந்தாறு வயது இருக்கும். நான் அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வேன். முந்தானையில் புகையிலை வாசம் அடிக்கும். அவள் வாய் அசையாது. செபமாலைகூடச் சில நாள் கையில் இருக்காது. கொஞ்ச நேரம் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு தரையில் நெற்றி படக் குனிந்து எழுந்துவிடுவாள்.

ஒரு நாள் கேட்டேன்.

“ஆச்சி, சாமிகிட்ட என்ன கேட்ட?”

“ஒண்ணும் கேக்கல ஏட்டி.”

“பின்ன இவ்வளவு நேரம் என்ன சொன்ன?”

“வந்தேன்னு சொன்னேன். இப்பம் போயிட்டு வாரேன்னு சொன்னேன். ஒரு வீட்டுக்குப் போனா சொல்லாமலா வருவாங்க?”

அவ்வளவுதான் ஆச்சியின் மறைக்கல்வி. பதினெட்டாம் நூற்றாண்டில் புனித அல்போன்ஸ் லிகோரி தேவநற்கருணை சந்திப்புக்கென்று ஒரு செபப் புத்தகமே எழுதினார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். ‘சந்திப்பு’ என்ற அந்த வார்த்தையைப் பார்த்ததும் ஆச்சியின் பீடித்தட்டுதான் நினைவுக்கு வந்தது. பிரான்சு நாட்டில் ஆர்ஸ் என்ற சின்ன ஊரில் புனித ஜான் மரிய வியான்னி பங்குத்தந்தையாக இருந்தபோது, ஒரு விவசாயி தினமும் கோயிலில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பாராம். என்ன செபம் செய்கிறாய் என்று கேட்டதற்கு, நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார் என்ற கருத்தில் பதில் சொன்னாராம். என் ஆச்சிக்கு ஆர்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அந்த விவசாயி மட்டும் எங்கள் ஊருக்கு வந்திருந்தால் ஆச்சி பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுத்திருப்பாள்.

இப்படி ஒரு ஆச்சியிடம் வளர்ந்த நான் என்ன செய்தேன் தெரியுமா?

ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்தேன். விளையாட்டு முறைக் கல்வி, செய்து கற்றல் எல்லாம் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். கணக்குக்குப் புளியங்கொட்டையும் தீக்குச்சியும் வைத்துச் சொல்லிக்கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் கோயில் வாசலைத் தாண்டியதும் படித்ததெல்லாம் மறந்துபோகும். நூறு பிள்ளைகளை வரிசையாக மண்டியிட வைத்துப் பின்னால் பிரம்போடு நிற்பேன். தலை திரும்பினால் தோளில் ஒரு தட்டு. “அசையாதே! இயேசு பாத்துக்கிட்டே இருக்கார்” என்பேன். ஆச்சி உறவுக்காரராகப் பார்த்தவரை நான் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் ஆக்கிவிட்டேன். சாமியார் “உங்க பிள்ளைங்கதான் டீச்சர் ரொம்ப அமைதி” என்று பாராட்டுவார். எனக்குப் பெருமை தாங்காது.

ஒரு முதல் வெள்ளி. எந்த வருஷம், எந்த வகுப்பு என்று எழுதமாட்டேன். ஒரு பையன் ஒற்றை விரலைக் காட்டினான். நான் தலையை ஆட்டி மறுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி காட்டினான். கண்ணை உருட்டினேன். மூன்றாம் தடவை அவன் காட்டவில்லை. ஆசீருக்கு மணி அடிக்கும்போது அவனைச் சுற்றித் தரை நனைந்திருந்தது. பின்வரிசையில் சிரித்தார்கள். நான் அவனைக் கைப்பிடித்து வெளியே கூட்டிப்போய்ச் சமாதானம் பண்ணியிருக்க வேண்டும். செய்யவில்லை. எல்லார் முன்னாலும், “கோயிலுக்கு வர முன்னாடியே போயிட்டு வரத் தெரியாதா?” என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. கதிர்ப்பாத்திரத்தையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்கப்புறம் முதல் வெள்ளி வந்தால் அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும். பள்ளிக்கே வரமாட்டான். பெரியவனான பிறகு கோயில் பக்கமே போவதில்லை என்று யாரோ சொல்லக் கேட்டேன். அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். அதில் என் பங்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

சில வருஷம் கழித்து ஓர் இளம் சிஸ்டர் மறைக்கல்வி எடுக்க வந்தார்கள். ஆராதனைக்கு முந்தின நாளே பிள்ளைகளை அழைத்துப்போய், சாமியாரிடம் அனுமதி கேட்டு, நற்கருணை இல்லாத வெறும் கதிர்ப்பாத்திரத்தை மேஜையில் வைத்துக் காட்டினார்கள். ‘இது சூரியன் மாதிரி இருக்கு’ என்றது ஒரு பிள்ளை. ‘நடுவுல ஏன் கண்ணாடி?’ என்றது இன்னொன்று. ‘தூபம் எதுக்கு, இருமல் வருது’ என்றான் ஒருவன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்கள். மறுநாள் பிள்ளைகளைப் பீடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். பத்தே நிமிஷம். அவர்கள் பின்னால் நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் போய் முழங்காலிட்டார்கள். நான் வழக்கம்போலப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு பிள்ளை நகத்தைக் கடித்தது, ஒன்று கொட்டாவி விட்டது. ஆனால் எல்லாம் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. என் பிரம்பு வகுப்பில் பிள்ளைகள் அடிக்கடி பார்த்தது பின்னால் நின்ற என்னைத்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த சிஸ்டரிடமும், பிறகு பிள்ளைகளிடமும் கற்றதைக் கோயம்புத்தூர்க்காரிக்கும் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். ஆராதனை நடக்கும்போது காதுக்குள் குசுகுசுவென்று விளக்காதீர்கள். கோயில் காலியாக இருக்கும் நேரம் கூட்டிப்போய்ப் பேழையைக் காட்டுங்கள், சிவப்பு விளக்கைக் காட்டுங்கள். நுழைந்ததும் எப்படி முழங்காலிடுவது என்று நீங்கள் செய்துகாட்டுங்கள்.

இரண்டாவது, நேரத்தைக் குறையுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிஷம் போதும். நல்ல ஐந்து நிமிஷம். பிள்ளைக்குச் சலிப்பு வருவதற்கு முன்னால் எழுந்துவிடுங்கள். “அதுக்குள்ளயா?” என்று கேட்டால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

மூன்றாவது, முன்னால் உட்காருங்கள். பெரியவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால் நானும்தான் செருப்பை நினைப்பேன்.

நான்காவது, நாலு வார்த்தை சொல்லிக்கொடுங்கள். இன்றைக்கு நடந்ததில் ஒன்றுக்கு நன்றி, ஒன்றுக்கு மன்னிப்பு, ஒருவருக்காக ஒரு வேண்டுதல், கடைசியில் ‘உம்மை எனக்குப் பிடிக்கும்’. மனப்பாடச் செபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வேண்டும், வயதான காலத்தில் அதுதான் கைகொடுக்கும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு பிள்ளை தன் வீட்டுக் கன்றுக்குட்டிக்காக நற்கருணை முன்னால் அழுததைப் பார்த்திருக்கிறேன். அதைவிட நல்ல வேண்டுதல் எனக்குத் தெரியாது.

ஐந்தாவது, கேள்வி கேட்டால் வாயை அடைக்காதீர்கள். என்னிடம் பிள்ளைகள் கேட்டதில் சில:

“அவ்வளவு சின்ன வட்டத்துக்குள்ள இயேசு எப்படி டீச்சர் ஒளிஞ்சிருக்கார்?” இதற்கு நான் பல வருஷம் தப்பாகப் பதில் சொல்லியிருக்கிறேன். டப்பாவுக்குள் பொருள் இருப்பதுபோல அப்பத்துக்குள் இயேசு இருக்கிறார் என்பது திருச்சபையின் போதனை அல்ல. பார்க்க அப்பம், ருசிக்க அப்பம், ஆனால் அது இயேசுவே. எப்படி என்று முழுசாகப் புரியாது. ‘அவர் சொன்னார், நாம நம்புறோம்’ என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் இதை நம்மைவிடச் சுலபமாக ஏற்றுக்கொள்ளும்.

“ஏன் டீச்சர் பேசவே மாட்டேங்கிறார்?” இதற்கு நான் கேட்பேன்: “ராத்திரி அம்மா பக்கத்துல படுத்திருக்கியே, அம்மா பேசிக்கிட்டேவா இருப்பாங்க? அம்மா இருக்காங்கன்னு உனக்குத் தெரியும்ல?”

“கோயிலைப் பூட்டினப்புறம் தனியா பயப்பட மாட்டாரா?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. கேட்ட பிள்ளையை மறுநாள் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனேன்.

சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று கேட்கிறவர்கள் உண்டு. ஒரு காலத்தில் திருச்சபையிலும் அப்படித்தான் பல இடங்களில் நினைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயது, அதற்கு மேலும்கூடக் காத்திருக்க வைத்தார்கள். பத்தாம் பத்திநாதர் பாப்பரசர்தான் 1910-இல் அதை மாற்றினார். ஏறக்குறைய ஏழு வயதுப் பிள்ளை, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும், நன்மை கொடுங்கள் என்றார். நாமெல்லாம் சின்ன வயதிலேயே வெள்ளை உடுப்பும் மெழுகுதிரியுமாக நின்றது அவரால்தான்.

பாத்திமாவில் மாதா காட்சி கொடுத்த மூன்று பிள்ளைகளில் பிரான்சிஸ்கோ என்ற பையன், மற்றவர்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ‘மறைந்திருக்கும் இயேசு’வோடு இருக்கிறேன் என்று கோயிலில் தங்கிவிடுவானாம். அந்தப் பிள்ளைகள் நற்கருணையை அப்படித்தான் சொல்வார்கள். 1919-இல், பதினோரு வயது நிரம்புமுன்னே இறந்தான். 2017-இல் புனிதரானான். பள்ளிக்கு மட்டம் போட்டவனை ஒரு வாத்தியாரம்மா புகழலாமா என்று கேட்காதீர்கள். நம் காலத்துப் பிள்ளை கார்லோ அக்குத்திஸ், 2025 செப்டம்பரில் புனிதரானவர், கம்ப்யூட்டரில் நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்த பையன். அவருடைய தாய் அதுவரை கோயிலுக்கு அதிகம் போகாதவர். மகன்தான் தன்னைக் கூட்டிப்போனான் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிள்ளையை நாம் கூட்டிப்போகிறோம் என்று நினைக்கிறோம். சில நேரம் அது மாறிவிடுகிறது.

எனக்கும் மாறியது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியதும் மகன் பேரனை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். ஐந்து வயது. அடுத்த வாரமே ஊரடங்கு. மார்ச் 27 ராத்திரி ரோமையில் பாப்பரசர் பிரான்சிஸ் கொடுத்த ஆசீரை டிவியில் காட்டினார்கள். நம் நேரத்துக்குப் பத்தரை மணி. பேரன் தூங்காமல் என்னோடு உட்கார்ந்திருந்தான். மழை. அவ்வளவு பெரிய சதுக்கத்தில் ஓர் ஆள் இல்லை. வயதான மனுஷன் தனியாக நடந்து வருகிறார். கடைசியில் கதிர்ப்பாத்திரத்தைத் தூக்கி அந்த வெறுமைக்கு ஆசீர் கொடுக்கிறார்.

“யாருமே இல்லையே ஆச்சி. தாத்தா யாருக்குக் காட்டுறாரு?”

“நமக்குத்தான்யா” என்றேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

மறுநாள் கோயிலுக்குப் போகணும் என்று அழுதான். கோயில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான். ஆனால் பூட்டு. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் போனோம். பெரிய கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தால் உள்ளே இருட்டு, தூரத்தில் அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. என் ஆச்சி சொன்ன அந்த இரண்டு வார்த்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இடுக்கில் வாயை வைத்து, “வந்திருக்கோம்” என்றான். கொஞ்ச நேரம் நின்றோம். “போயிட்டு வாரோம்” என்றான். பிறகு நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றைச் சேர்த்தான்: “நாளைக்கும் வாரோம். பயப்படாதீங்க.”

கோயில் திறக்கும்வரை தினமும் சாயங்காலம் போனோம். இரண்டு நிமிஷம்தான். நான் மறந்தாலும் அவன் மறக்கமாட்டான். இத்தனை வருஷம் எத்தனையோ ஆராதனையில் இருந்திருக்கிறேன். அந்தப் பூட்டின கதவுக்கு வெளியே நின்றதுபோல எனக்கு எதுவும் இல்லை.

இப்போது அவன் பூசைக்கு உதவி செய்கிறான். நல்லொழுக்கச் சிலை ஆகிவிட்டான் என்று நினைக்காதீர்கள். போன மாதம் ஆராதனையில் பக்கத்துப் பையனைக் கிள்ளிச் சாமியாரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டான். ஆனால் ஊருக்கு வந்தால் இன்னும் வீட்டுக்குள் நுழையும் முன்னே கோயிலுக்குள் தலையைக் காட்டிவிட்டுத்தான் வருவான்.

ஆகவே கோயம்புத்தூர்க் கண்ணு, ஒரு மணி நேரத்தை இப்போதைக்கு மறந்துவிடு. பள்ளிவிட்டு வரும்போது புத்தகப் பையோடு இரண்டு நிமிஷம் கூட்டிப்போ. செருப்பை அவள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் விடச் சொல். ‘வந்திருக்கோம்’ சொல்லட்டும், ‘போயிட்டு வாரோம்’ சொல்லட்டும். அவள் எப்போது முடியும் என்று கேட்டதில் தப்பில்லை. யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று தெரியாத பிள்ளை அப்படித்தான் கேட்கும். முறைக்கிறவர்களைப் பற்றிக் கவலைப்படாதே. முறைக்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளையின் சத்தம் ஆண்டவருக்குத் தொந்தரவு என்றால் அவர் பிள்ளையாகப் பிறந்திருக்கவே மாட்டார்.

கடைசியாக, அந்தப் பையனுக்கு. நீ இந்தப் பதிவைப் படிக்கிறாயா என்று தெரியாது. படித்தால் உனக்குத் தெரியும், நீதான் என்று. அன்றைக்குத் தப்பு உன்னுடையது அல்லப்பா, என்னுடையது. உன் ஒற்றை விரலை நான் இரண்டு தடவையும் பார்த்தேன். எல்லாருக்கும் முன்னால் உன்னை அவமானப்படுத்தினேன், அதனால் எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். நீ கோயிலுக்கு வா என்று கூப்பிட எனக்கு உரிமை இல்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்ல என்று சொல்ல மட்டும் ஆசைப்படுகிறேன். நான் பிரம்போடு நின்றேன். அவர் நிற்கவில்லை. இங்கே பதில் எழுத வேண்டாம். உனக்குத் தோன்றினால் என்றைக்காவது ஒரு போன் பண்ணு. தோன்றாவிட்டாலும் பரவாயில்லை. தினமும் அந்த விளக்கைப் பார்க்கும்போது உன் பெயரைச் சொல்கிறேன்.

மற்றவர்களும் உங்கள் பிள்ளைகள் கோயிலில் கேட்ட கேள்விகளைக் கீழே எழுதுங்கள். என்னிடம் பதில் இல்லாத கேள்விகள் இன்னும் நிறைய இருக்கும்.

இன்றைக்கு முதல் வெள்ளி. மணி ஐந்தே கால் ஆகிவிட்டது, முதல் மணி அடித்துவிட்டார்கள். மற்றதைப் பிறகு பேசலாம். போயிட்டு வாரேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்